எண்ணும் குழாயும்: கெடா தோட்டப்புறத் தமிழரும் நாள்பட்ட சிறுநீரக நோயும்

1. சிக்கல்

பீடோங், சுங்கை பட்டாணி, பாடாங் செராய், கூலிம் எனத் தோட்டங்களை ஒட்டி வளர்ந்த மலேசியாவின் கெடா மாநில ஊர்களில் 'இனிப்புநீர்' எனப்படும் நீரிழிவு நுழையாத தமிழ்க் குடும்பம் அரிது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. நாட்டளவில் அது 18.3. நீரிழிவைத் தொடர்ந்து வரக்கூடிய நாள்பட்ட சிறுநீரக நோய் 2011இல் தீபகற்பத்தில் 9.07 விழுக்காடாகவும், 2018இல் நாடு முழுவதும் 15.48 விழுக்காடாகவும் கணிக்கப்பட்டது. நோயுற்றோரில் அதை அறிந்திருந்தவர்கள் 2018இல் 5 விழுக்காட்டினரே.

மக்கள் அஞ்சுவது 'இரத்தம் கழுவும்' (டயாலிசிஸ்) நாளைத்தான். ஆனால் நோயின் நடுக்கட்டத்தில் இருப்போரில் அந்த நாளை எட்டுபவர்களைவிட அதற்கு முன்பே இறப்பவர்கள் மிகுதி. இதயமும் இரத்தக் குழாயும் அவ்விறப்புகளின் முக்கியக் காரணங்கள். ஆகவே சிறுநீரகச் சோதனையை இரத்தக் குழாய்ச் சோதனையாகவும் படிக்க வேண்டும். அதற்கு இரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் அளவு ஒன்றே போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. ஓர் எண், இரு உடல்கள்

கிரியேட்டினின் தசையின் கழிவு. தசை வற்றிய உடலில் அது குறைவாகவே பிறக்கும். சிறுநீரகம் தளர்ந்தாலும் எண் அடங்கியே நிற்கும். லிட்டருக்கு 100 மைக்ரோமோல் என்ற ஒரே அளவை எடுத்துக்கொள்வோம். கிரியேட்டினினிலிருந்து சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணிக்கும் 2021ஆம் ஆண்டின் சி.கே.டி.-எபி சூத்திரப்படி, 30 வயது ஆணுக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 மில்லிலிட்டர் வடிகட்டும் திறன்; 70 வயதுப் பெண்ணுக்கோ 52தான். பல்லாண்டு பால்மரம் வெட்டி எலும்பும் தோலுமாய் ஓய்ந்த மூதாட்டிக்கு அந்த 52கூட மிகை மதிப்பீடாக இருக்கலாம். சூத்திரம் வயதையும் பாலினத்தையும் அறியும். மெலிந்த கையை அறியாது. தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற இரத்தக் குறியீடு இக்குறையை ஓரளவு ஈடுகட்டும்.

3. கசிவு சொல்லும் செய்தி

சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிவதை வடிகட்டியின் ஓட்டையாக மட்டும் கருதுவது பழைய பார்வை. 1989இல் டென்மார்க்கின் ஸ்டீனோ மருத்துவமனை ஆய்வாளர்கள், அக்கசிவு உடலெங்கும் உள்ள குழாய்ச் சுவர் நைந்ததன் அடையாளம் என்று முன்மொழிந்தனர். சிறுநீரகத்தின் நுண்குழாயில் ஒழுகும் சுவர், இதயத்திலும் கண்ணிலும் காலிலும் நலமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு மில்லிமோல் கிரியேட்டினினுக்கு 3 மில்லிகிராம் அல்புமின் என்ற எல்லையைத் தாண்டினாலே இதய ஆபத்து கூடுகிறது. கிரியேட்டினின் அசையாத காலத்திலேயே இந்த எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது.

4. கல்லாகும் குழாய்

நோய் முற்றும்போது பாஸ்பேட் வெளியேறாமல் தேங்குகிறது. அதன் தூண்டுதலில் தமனியின் நடுச்சுவரில் உள்ள தசைச் செல்கள் எலும்புச் செல்களின் குணத்தை ஏற்று, சுண்ணாம்பைப் படியவைக்கின்றன. இங்கும் இரத்த எண் தாமதமாகவே பேசும்: எலும்பில் சுரக்கும் எஃப்.ஜி.எஃப். 23 என்ற ஹார்மோன் பாஸ்பேட்டைச் சிறுநீர்வழி தள்ளிக்கொண்டிருக்கும்வரை அறிக்கையில் பாஸ்பேட் சரியாகவே தெரியும்.

கல்லான குழாய் கருவியையும் ஏமாற்றும். காலில் ஆறாத புண்ணோடு வருபவரின் கணுக்காலில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தால், தமனி அமுங்க மறுக்கும். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்த விகிதம் 0.9க்குக் கீழே போனால் அடைப்பு என்பர். இவருக்கோ அது 1.4ஐத் தாண்டக்கூடும். இரத்த ஓட்டம் நன்றாக இருப்பதாக அதைப் படித்துவிட்டால், விரலைக் காப்பாற்றும் காலம் கைநழுவும்.

5. மறுப்பும் விடையும்

புதிய குறியீடுகளைத் தேடினால் தீர்வு கிடைக்காதா என்று கேட்கலாம். இதய நோயோடு தொடர்புபடுத்தப்பட்ட ஹோமோசிஸ்டீன் என்ற இரத்தக் குறியீடு தரும் பாடம் ஓர் எச்சரிக்கை. 2007இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சிறுநீரகம் பெரிதும் பழுதான 2,056 பேரில் ஒரு பிரிவினருக்கு ஃபோலிக் அமிலமும் பிற பி வைட்டமின்களும் மிகுதியாகத் தரப்பட்டன. ஹோமோசிஸ்டீன் இறங்கியது, இறப்பு குறையவில்லை. குறியீடு வேறு, காரணம் வேறு.

அல்புமினின் நிலை அப்படியன்று. அதைக் கண்டால் செய்வதற்கு மருத்துவம் இருக்கிறது. அல்புமின் கசிந்த நீரிழிவு நோயாளிகள் 4,401 பேரிடம் கேனாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மருந்தைச் சோதித்த கிரெடென்ஸ் ஆய்வு 2019இல் வெளியானது. சிறுநீரகச் செயலிழப்பை மையமாகக் கொண்ட பாதிப்புகள் அதில் 30 விழுக்காடு குறைந்தன. இதயப் பாதிப்புகளும் குறைந்தன. பெரிண்டோபிரில் போன்ற பழைய இரத்த அழுத்த மருந்துகளும் கசிவைக் குறைக்கும்.

6. முடிவு

தொழிலாளர் லயங்கள் இருந்த காலத்தில் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸர் வீட்டு வாசலுக்கே வந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தபின், நோயாளிதான் கிளினிக்கைத் தேடிப் போகவேண்டும். அரிதாக வாய்க்கும் அந்த ஒரு வருகையில் கிரியேட்டினினை மட்டும் பார்த்து 'எல்லாம் சரி' என்று அனுப்புவது அரைகுறைச் சோதனை. வடிகட்டும் வீதம், சிறுநீர் அல்புமின், இரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் ஒரே தாளில் எழுதப்பட வேண்டும். இரத்தம் எடுக்கும் நாளிலேயே சிறுநீர்க் குப்பியையும் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நோயாளி கேட்டு வாங்க வேண்டும்.