இளநிலைச் சட்டப் படிப்பில் ஒப்பந்தச் சட்டமும் பேச்சுவார்த்தைத் திறனும் (இந்தியா)

இந்தியச் சட்டக் கல்லூரிகளில் ஒப்பந்தச் சட்டம் கட்டாயப் பாடம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சேரும் ஐந்தாண்டுப் படிப்பிலும், ஒரு பட்டம் பெற்றபின் சேரும் மூன்றாண்டுப் படிப்பிலும் இதைப் படிக்காமல் சட்டப் பட்டம் கிடையாது. பேச்சுவார்த்தைத் திறனும் பாடத்திட்டத்தில் உண்டு. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள், மாற்றுமுறைத் தகராறுத் தீர்வு என்ற செய்முறைத் தாளின் முதல் பகுதியாக அதை வைத்துள்ளன. ஒப்பந்தம் படிப்பின் தொடக்கத்திலேயே வந்துவிடும். பேச்சுவார்த்தை பெரும்பாலும் கடைசி ஆண்டுகளில்தான் வரும். ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு பாடங்களுக்கு நடுவே இத்தனை பருவங்கள் இடைவெளி விடுவது இந்தப் படிப்பின் பெரிய குறை.

பாடத்தின் அடிப்படை நூல் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். அது அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. புதிதாகப் புரட்டுபவருக்கு ஒரு குழப்பம் நேரும்: பிரிவு 75க்குப் பிறகு நேரே 124 வரும். இடையில் இருந்த சரக்கு விற்பனைப் பிரிவுகள் 1930இல் தனிச் சட்டமாகப் பிரிந்தன. கடைசியில் இருந்த கூட்டாண்மைப் பிரிவுகளும் 1932இல் அவ்வாறே போயின. எஞ்சியதைக் கல்லூரிகள் இரண்டு தாள்களாக நடத்துகின்றன. முதல் தாளில் பிரிவு 1 முதல் 75 வரையிலான பொதுக் கோட்பாடுகள் அடங்கும். ஈட்டுறுதி, பிணை, அடகு, முகமை போன்றவை இரண்டாம் தாளில் வரும். கூட்டாண்மைச் சட்டமும் சரக்கு விற்பனைச் சட்டமும் பெரும்பாலும் அதனுடன் சேர்க்கப்படும். பி.காம். மாணவர்களும் இதன் சுருக்கத்தை வணிகச் சட்டம் என்ற பெயரில் படிக்கிறார்கள்.

முதல் தாளின் சுவையே வழக்குகளில்தான் இருக்கிறது. தன் புகைக்குண்டைப் பயன்படுத்தியும் சளிக்காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருவதாக விளம்பரம் செய்த லண்டன் நிறுவனம், 1892இல் திருமதி கார்லிலிடம் தோற்றது. ஊருக்கே விடுத்த முன்மொழிவும் செல்லும் என்றது நீதிமன்றம். 1913இல் அலகாபாத்தில் லால்மன் சுக்லா, காணாமல் போன சிறுவனைத் தேடிக் கண்டுபிடித்தும் பரிசுத் தொகையைப் பெற முடியவில்லை. தேடும்போது அந்த அறிவிப்பே அவருக்குத் தெரியாது. தெரியாத முன்மொழிவை ஏற்க முடியாதல்லவா? இளவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது மோகரி பீபி வழக்கில் 1903இல் பிரிவி கவுன்சில் வகுத்த விதி. பால்ஃபோர் வழக்கு இலங்கையோடு தொடர்புடையது. அங்கே பாசனத் துறையில் பணியாற்றிய கணவர், இங்கிலாந்தில் தங்கிவிட்ட மனைவிக்கு மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அனுப்பாதபோது மனைவி வழக்குப் போட்டார். குடும்பத்துக்குள் பேசிக்கொள்ளும் இத்தகைய ஏற்பாடு, சட்டத்தால் கட்டுப்படும் எண்ணத்தோடு செய்யப்பட்டதல்ல என்று 1919இல் தீர்ப்பானது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் பங்கும் சிறியதல்ல. சின்னையா எதிர் ராமய்யா வழக்கில், தாயிடமிருந்து சொத்தைத் தானமாகப் பெற்ற மகள், ஒரு உறவினருக்கு ஆண்டுதோறும் பணம் தர எழுதிக்கொடுத்தாள். பிறகு, 'அவர் எனக்கு ஒன்றும் தரவில்லையே' என்று மறுத்தாள். மறுபயனை வேறொருவர் தந்திருந்தாலும் போதும் என்றது நீதிமன்றம். ஆங்கிலச் சட்டத்திலிருந்து இந்தியச் சட்டம் விலகும் இடங்களில் இது முக்கியமானது. 1917இல் வந்த அம்மிராஜு வழக்கு இன்னும் கூர்மையானது. தற்கொலை செய்துகொள்வதாக மிரட்டி, மனைவியிடமும் மகனிடமும் ஒருவர் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார். இந்த மிரட்டல் பிரிவு 15 சொல்லும் வற்புறுத்தலே என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தனர். ஒரு நீதிபதி உடன்படவில்லை.

இந்த வழக்கைப் பேச்சுவார்த்தை வகுப்பில்தான் படிக்க வேண்டும். எதிராளியை எவ்வளவு நெருக்கலாம், எதை மறைக்கலாம், எங்கே பேரம் மோசடியாகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் 14 முதல் 19 வரையிலான பிரிவுகள் எல்லைக்கோடு போட்டிருக்கின்றன. பிரிவு 17இன் எடுத்துக்காட்டு ஒன்றில் ஒருவர் நலமில்லாத குதிரையை ஏலத்தில் விற்கிறார். குறையை வாய்திறந்து சொல்லவில்லை. அது மோசடி ஆகாது. வாங்குபவர் அவருடைய சொந்த மகளாக, இப்போதுதான் வயதுக்கு வந்தவளாக இருந்தாலோ நிலைமை வேறு. அங்கே சொல்ல வேண்டிய கடமை உண்டு. பேரத்தில் மௌனத்தின் வரம்பை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் பாடநூலைக் காண்பது அரிது.

பேச்சுவார்த்தையைத் தனிப் பயிற்சியாகக் கற்பிக்கும் மரபுக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகம் பெரும் உந்துதல் தந்தது. ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981இல் வெளியிட்ட 'கெட்டிங் டு யெஸ்' இன்றும் வகுப்புகளில் புழங்குகிறது. கேட்கும் தொகையைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் அதன் பின்னால் உள்ள தேவையைப் பார் என்பது அதன் சாரம். பேச்சு முறிந்தால் கைவசம் என்ன வழி இருக்கிறது என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும் என்பதும் அதிலிருந்து பரவியதே.

பயிற்சி பெரும்பாலும் நடிப்பு முறையில் நடக்கும். இரு தரப்புக்கும் பொதுவான விவரத் தாள் ஒன்று, ஒவ்வொரு தரப்புக்கும் தனி ரகசியக் குறிப்பு ஒன்று. கடை வாடகைப் பேரம் என்று வைத்துக்கொள்வோம்: மாதம் 22,000 ரூபாய்க்குக் கீழே இறங்கக் கூடாது என்று உரிமையாளரின் குறிப்பு சொல்லும், 25,000க்கு மேல் ஏறக் கூடாது என்று வாடகைதாரரின் குறிப்பு சொல்லும். உடன்பாடு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அமையும். முன்பணம், பராமரிப்பு, காலி செய்யும் அவகாசம் ஆகியவற்றையும் சேர்த்துப் பேசும் மாணவர், வாடகையில் விட்டதை வேறிடத்தில் ஈடுகட்டிவிடுவார். பேசி முடித்ததை எழுத்தில் வைக்கும்போது ஒப்பந்தச் சட்டம் மறுபடி உள்ளே வரும்: தாமதத்துக்கு ஒரு தொகையைக் குறித்துவைத்தாலும், பிரிவு 74இன்படி அது உச்சவரம்புதான்; நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் தரும்.

பார் கவுன்சிலின் விதிகள் காகிதத்தில் நன்றாகவே இருக்கின்றன. மாற்றுமுறைத் தீர்வுத் தாளை மூத்த வழக்கறிஞர்கள் நடிப்புப் பயிற்சியாலும் வழக்கு ஆய்வாலும் நடத்த வேண்டும் என்கின்றன. ஆவணம் எழுதும் தாளில் வழக்குரைகளுக்கு 15 பயிற்சி, பத்திரங்களுக்கு 15 பயிற்சி, தலா 45 மதிப்பெண். மீதி 10 நேர்முகத்துக்கு. ஆனால் பயிற்சி ஏட்டில் பழைய மாதிரிப் படிவங்களைப் பார்த்து எழுதினாலே மதிப்பெண் வந்துவிடும் கல்லூரியில், யாரோடும் பேசாமலே மாணவர் ஒப்பந்தம் எழுதக் கற்றுக்கொள்கிறார். அது எழுத்துப் பயிற்சி, அவ்வளவுதான்.

நீதிமன்றங்கள் இந்தத் திறனைக் கேட்கத் தொடங்கி நாளாகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 89 வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்ப வழிசெய்கிறது; சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்குகிறது. 2023ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டம், அங்கே எட்டப்படும் எழுத்துபூர்வ உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்ற இடம் தருகிறது. அந்த உடன்பாட்டை எதிர்க்க அது அனுமதிக்கும் மிகச் சில காரணங்களில் மோசடியும் ஒன்று.