விளையாட்டுப் பெட்டிக்குள் வீட்டுப் படங்கள்: பூட்டும் திறப்பும்

இப்ப ஒரு படம் பாக்கவேணும் எண்டால் நாங்கள் ஒரு அப்பைத் திறக்கிறோம். படம் எங்கேயோ ஒரு நிறுவனத்தின் சேர்வரில் இருக்கிறது. மாதக் காசு கட்டும்வரைக்கும், அந்த நிறுவனம் படத்தைத் தூக்காதவரைக்கும்தான் அது எங்களுக்கு. இதற்கு நேரெதிரான ஒரு பழக்கம் கொஞ்சக் காலம் செழித்திருந்தது. படங்கள் வீட்டிலேயே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். வீட்டு நெட்வேர்க் வழியாக அவை ரீவியோடு பொருத்திய கேம் கொன்சோலுக்கு வந்து ஓடும். அந்தப் பழக்கத்தை யார் தொடக்கினார்கள், அதை யார் ஒதுக்கினார்கள் எண்டு பாப்பம்.

2000ஆம் ஆண்டளவில் ஒரு முழுப் படத்தை டிவ்எக்ஸ், எக்ஸ்விட் போன்ற முறைகளில் சுருக்கி 700 மெகாபைட் சிடி ஒன்றுக்குள் அடக்க முடிந்தது. ஆனால் படம் அறையில் இருக்கிற கொம்பியூட்டரில், ரீவி ஹோலில். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்.

ஒரு மெஷினில் உள்ள கோப்பை இன்னொரு மெஷினில் திறக்கும் வழி அதற்கு முன்பே இருந்தது. ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் 1983இல் உருவாக்கிய எஸ்எம்பி முறையைப் பிறகு விண்டோஸ் எடுத்துக்கொண்டது. 90களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அன்ட்ரூ ட்ரிஜெல் அதே மொழியைப் பேசும் ஒரு இலவச மென்பொருளை எழுதினார். அதுதான் சம்பா. பின்னாளில் வந்த 'நாஸ்' எனும் சின்னச் சேமிப்புப் பெட்டிகளில் பெரும்பாலானவை லினக்ஸிலும் சம்பாவிலும்தான் ஓடின. ஆக, சேமிக்கிற பக்கம் தயாராகிவிட்டது. ரீவிக்குப் பக்கத்தில் இருந்து அதை வாங்கி ஓட்ட ஒரு மெஷின்தான் இல்லை.

2001 நவம்பரில் மைக்ரோசொஃப்ட்டின் முதலாவது எக்ஸ்பொக்ஸ் வந்தது. 733 மெகாஹேர்ட்ஸ் இன்டெல் செயலி, 64 மெகாபைட் நினைவகம், உள்ளேயே ஒரு ஹார்ட் டிஸ்க், நெட்வேர்க் கேபிள் குத்தும் துளை. சொல்லப்போனால் அது ரீவிக்குக் கீழே வைக்கக்கூடிய ஒரு கொம்பியூட்டர். அமெரிக்காவில் விலை 299 டொலர். பெட்டியில் நட்டப்பட்டாலும் கேம் விற்று எடுக்கலாம் என்பதே நிறுவனத்தின் கணக்கு. அதனால் பூட்டும் போட்டிருந்தார்கள்: நிறுவனம் ஒப்பமிட்ட மென்பொருள் மட்டுமே அதில் ஓடும். காசு குடுத்து வாங்கிய டிவிடி படத்தைப் பார்ப்பதற்குக்கூட ரிமோட் ஒன்றைத் தனியாக வாங்கவேண்டும்.

பூட்டை உடைத்தவர்கள் பாவனையாளர்களே. சிலர் உள்ளே ஒரு சிப்பை ஒட்டினார்கள். சிலர் சில கேம்களின் சேமிப்புக் கோப்புகளில் இருந்த ஓட்டையால் நுழைந்தார்கள். அப்படித் திறந்த பெட்டிக்காக 2002இல் எக்ஸ்பொக்ஸ் மீடியா பிளேயர் வந்தது. அது வளர்ந்து எக்ஸ்பொக்ஸ் மீடியா சென்டர், சுருக்கமாக எக்ஸ்பிஎம்சி ஆனது. அதன் 1.0 பதிப்பு 2004 ஜூனில் வெளியானது. அறைக் கொம்பியூட்டரில் இருக்கும் ஃபோல்டரை எஸ்எம்பி வழியாகத் திறந்து, அந்தக் காலத்தில் புழக்கத்தில் இருந்த கிட்டத்தட்ட எல்லா வகைக் கோப்பையும் சப்டைட்டிலோடு ஓட்டியது. ஒரு சிக்கலும் இருந்தது. அது மைக்ரோசொஃப்ட்டின் சொந்தக் கருவித்தொகுப்பால் கட்டப்பட்டது. ஆகவே மூல நிரலை மட்டுமே அந்தக் குழு வெளியிட்டது. ஓடத் தயாரான கோப்பைச் சட்டப்படி பகிர அவர்களால் முடியவில்லை.

நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. 2003இல் சொனி, இன்டெல் உள்ளிட்ட பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரு அமைப்பை உருவாக்கின. வீட்டுக் கருவிகள் ஒன்றையொன்று தாங்களாகவே கண்டுபிடித்துப் படம், பாட்டைப் பரிமாறுவதற்கான பொது விதிகள் அதன் வேலை. டிஎல்என்ஏ என்ற பெயர் அடுத்த ஆண்டு வந்தது. பிளேஸ்டேஷன் 3க்கு அந்த வசதி 2007 மே மாதம் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பொக்ஸ் 360 இரண்டும் டிவ்எக்ஸ் கோப்புகளை ஏற்கத் தொடங்கின. பூட்டை உடைத்தவர்கள் செய்து காட்டிய வேலை இப்போது விளம்பரத்துக்குரிய வசதி.

ஆனாலும் முழுக் கதவும் திறக்கவில்லை. 2002இல் தொடங்கிய எம்கேவி எனும் திறந்த கோப்பு வகை எல்லா இடமும் பரவியிருந்தது. பிளேஸ்டேஷன் 3 அதை ஏற்கவில்லை. யுஎஸ்பி டிஸ்க்கில் போட்டால் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. அதற்கும் ஆக்கள் வழி கண்டார்கள். பிஎஸ்3 மீடியா சேர்வர் எனும் இலவச மென்பொருள் கொம்பியூட்டரில் இருந்தபடி, படம் ஓட ஓடவே அதைக் கொன்சோலுக்கு விளங்கும் வடிவத்துக்கு மாற்றி அனுப்பியது. இந்த மாற்று வேலைக்குப் பலமான செயலி வேணும். மலிவான நாஸ் பெட்டிகள் பல திணறியது இதனால்தான்.

பிறகு காற்று மாறியது. 2008இல் நெட்ஃபிளிக்ஸ் எக்ஸ்பொக்ஸ் 360க்குள் வந்தது. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4இல் டிஎல்என்ஏ இல்லை. பாவனையாளர்கள் கத்திக் குழறியபிறகு, 2015இல் ஒரு மீடியா பிளேயர் குடுத்தார்கள். பிளேஸ்டேஷன் 5க்கு அதுவும் வரவில்லை. டிஎல்என்ஏ அமைப்பு 2017இல் கலைக்கப்பட்டது. மாதக் கட்டணம் வரும் வழி கிடைத்தபிறகு, வீட்டு டிஸ்க்கில் இருக்கும் படத்தை ஓட்டிக்காட்டுவதில் கம்பனிக்கு என்ன லாபம்?

எக்ஸ்பிஎம்சி சாகவில்லை. அது லினக்ஸுக்கும் மற்றக் கணினிகளுக்கும் போய், 2014இல் கோடி எனப் பெயர் மாறியது. அதன் நிரலில் இருந்து 2008இல் பிரிந்ததுதான் பிளெக்ஸ். 2017 டிசம்பரில் கோடி எக்ஸ்பொக்ஸ் வன்னுக்கு மைக்ரோசொஃப்ட்டின் சொந்தக் கடை வழியாகவே வந்தது. ஒருகாலம் பூட்டை உடைத்து நுழைந்த மென்பொருள், பதினைந்து வருசத்தால முன்வாசலால் வந்தது.

இதை நாங்கள் ஏன் எழுதுகிறோம்? எங்கட வீடுகளில் கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா எல்லாம் வீடியோ கசெற்றிலும் சிடியிலும் கிடக்கின்றன. இடப்பெயர்வுகளில் தொலைந்தது போக மிஞ்சியவை அவை. கசெற் நாடா பூஞ்சணம் பிடிக்கும். வீடியோ டெக் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாயும் 2016இல் நிறுத்திவிட்டது. அம்மம்மாவின் சிரிப்பு எந்த அப்பிலும் வராது.

அதை நாங்கள்தான் டிஜிட்டலாக்கி வைத்திருக்கவேணும். எல்லாக் கருவியும் வாசிக்கும் கோப்பு வகையில் வைக்கவேணும். வீட்டு நாஸும் ஒருநாள் பழுதாகும். ஆகவே ஒரு பிரதி இன்னொரு ஊரிலோ வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரிடமோ இருக்கட்டும். கொன்சோல் எதை ஓட்டலாம் என்பதைக் கம்பனி ஒவ்வொரு தலைமுறையிலும் மாற்றி எழுதும். கோப்பு எங்கட கையில இருந்தால், ஓட்டுறதுக்கு இன்னொரு பெட்டி எப்பவும் கிடைக்கும்.