வேண்டிப் பெற்ற நிலை

ஆங்கிலத்தில் 'பிரிக்கேரியஸ்' என்று ஓர் அடைமொழி உண்டு. நிலையற்ற, உறுதியற்ற என்று அகராதிகள் அதற்குப் பொருள் கூறும். மலைச்சரிவின் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கும், பெரும்பான்மை குன்றிய அமைச்சரவைக்கும், நோயாளியின் உடல்நிலைக்கும் அச்சொல் வழங்குகிறது. ஆனால் அது பிறந்த இடத்தில் நாம் காண்பது ஆட்டமோ அசைவோ அன்று. ஒரு மனிதன் மற்றொரு மனிதன் முன் கைகூப்பி நிற்கும் காட்சியாகும்.

இலத்தீன் மொழியில் 'பிரெக்ஸ்' என்றால் வேண்டுகோள். வழிபாட்டைக் குறிக்கும் 'பிரேயர்' என்னும் ஆங்கிலச் சொல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. வேண்டிப் பெற்றது எதுவோ அது 'பிரெகாரியஸ்' எனப்பட்டது. உரோமர் சட்டத்தில் 'பிரெகாரியம்' என்றொரு முறை இருந்தது. நிலம் உடையவன், கேட்டு வந்தவனுக்கு அதனைக் குத்தகையின்றித் துய்க்கக் கொடுப்பான். விரும்பியபோது திரும்பப் பெறுவான். பேரரசர் ஜஸ்டினியன் 533-இல் வெளியிட்ட 'டைஜஸ்ட்' என்னும் சட்டத் தொகுப்பில் இதற்கெனத் தனித் தலைப்பே உண்டு.

இம்முறையில் நுட்பம் ஒன்று உளது. அயலான் எவனேனும் அந்நிலத்தைப் பறிக்க வந்தால், துய்ப்பவனுக்குச் சட்டம் துணை நிற்கும். கொடுத்தவனே வெளியேறு என்று சொன்னாலோ, துணை இல்லை. ஊரார் அனைவரையும் எதிர்த்து வழக்காட வல்லவன், அந்த ஒருவன் முன் மட்டும் வெறுங்கையன்!

17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தபோது, பிறர் தயவால் நிற்பது என்ற இப்பொருளையே அச்சொல் சுமந்து வந்தது. நாளடைவில் தயவு மறைந்து, ஐயப்பாடு மட்டும் எஞ்சியது. 1755-இல் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் இதனைக் கடிந்தார். இதைப்போல் திறமையின்றிக் கையாளப்படும் சொல் வேறில்லை என்றும், பிறரைச் சார்ந்திருப்பதால் விளையும் உறுதியின்மையே இதன் பொருள் என்றும் அவர் எழுதினார். மக்கள் வழக்கோ அவருக்குச் செவிசாய்க்கவில்லை.

ஆயினும் பழம்பொருள் அடியோடு அழிந்துவிடவில்லை. பொருளியல் அறிஞர் கை ஸ்டாண்டிங், 2011-இல் 'பிரிக்கேரியட்' என்னும் சொல்லைத் தலைப்பிற் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். நிலையான வேலையும் உறுதியான வருவாயும் இன்றி வாழும் மக்களை அச்சொல் குறிக்கிறது. நாளை வேலை உண்டா என்று மற்றொருவர் முகத்தை நோக்கி நிற்பவனிடம், உரோமர் காலத்துக் கைகூப்பலின் சாயலை நான் காண்கிறேன்.

பல்லாண்டு ஆசிரியத் தொழில் புரிந்தவன் என்ற முறையில், சொல்லின் வேரை நாடுவதன் பயன் யாது என்று நான் அடிக்கடி வினவப்பட்டதுண்டு. இங்கே அதற்கு விடை கிடைக்கிறது. சாய்ந்த சுவரின் உறுதியின்மைக்கு முட்டுக் கொடுத்தால் போதும். பிறர் விருப்பத்தை நம்பி நிற்பவனின் உறுதியின்மைக்கு, மேலும் சிறிது தயவு மருந்தாகாது. அவன் வேண்டுவது உரிமை. ஒரே சொல்லால் இரண்டையும் நாம் குறிக்கலாம். ஆனால் இரண்டையும் ஒன்றென மயங்குதல் ஆகாது.