சம்பளமில்லா வேலை அனுபவத் திட்டங்கள் (பிரிட்டன்)

பிரிட்டனில் வேலையில்லாதோர் உதவித்தொகை பெற்றுவந்தவர்களைக் கடைகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் சம்பளமின்றி வேலைக்கு அனுப்பிய அரசுத் திட்டங்களின் தொகுதி. இவை 2011க்கும் 2016க்கும் இடையில் பரவலாக நடைமுறையில் இருந்தன. வேலை செய்தவருக்குக் கிடைத்தது வழக்கமான உதவித்தொகையும் போக்குவரத்துச் செலவும் மட்டுமே. வேலை வாங்கிய நிறுவனம் கூலி எதுவும் தரவில்லை. அரசு இதை ‘அனுபவம்’ என்றது; எதிர்த்தவர்கள் ‘கட்டாய உழைப்பு’ என்றார்கள். டெஸ்கோ, பவுண்ட்லேண்ட் போன்ற பெரிய கடைத்தொடர்களின் பெயர்கள் அடிபட்டதால் 2012இல் இது நாடளாவிய சர்ச்சையாகி உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

முன்வரலாறு

உதவி கேட்டு வருபவரிடம் உழைப்பைக் கேட்பது பிரிட்டனில் பழைய வழக்கம். 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் உடல் வலுவுள்ள ஏழைகளைப் பணியில்லங்களுக்கு அனுப்பியது. பணியில்லத்துக்கு வெளியே உதவி பெற்ற ஆண்கள் பல ஊர்களில் கல்லுடைத்தாக வேண்டியிருந்தது. 1929 முதல் 1939 வரை தொழிலாளர் அமைச்சகம் நடத்திய பயிற்சி முகாம்களில் வேலையிழந்த ஆண்கள் மரம் வெட்டினார்கள், பாதை போட்டார்கள். இவற்றிலெல்லாம் வேலை வாங்கியது அரசோ உள்ளூர் நிர்வாகமோதான்.

தனியார் முதலாளிகள் இதற்குள் பெருமளவில் வந்தது 1978இல் தொடங்கிய இளைஞர் வாய்ப்புத் திட்டத்தாலும், 1983இல் அதன் இடத்துக்கு வந்த இளைஞர் பயிற்சித் திட்டத்தாலும். பள்ளி முடித்த 16, 17 வயதினர் சிறு உதவித்தொகையுடன் நிறுவனங்களில் அமர்த்தப்பட்டனர். மலிவுக் கூலிக்கு ஆள் பிடிக்கும் வழி இது என்று தொழிற்சங்கத்தினர் அப்போதே குறை கூறினர். 1988இல் அந்த வயதினரில் பெரும்பாலோருக்கு அரசு உதவி நிறுத்தப்பட்டது. வேலையும் படிப்பும் இல்லாதவர்களுக்குப் பயிற்சித் திட்டத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லாமல் போயிற்று.

1996 அக்டோபரில் ‘வேலை தேடுவோர் உதவித்தொகை’ அறிமுகமானது. உதவி பெறுபவர் வேலை தேடுவதை நிரூபிக்க வேண்டும், தவறினால் தொகை நிற்கும் என்ற விதிகள் இறுகின. அதே ஆண்டு ஹல், மெட்வே பகுதிகளில் நெடுநாள் வேலையில்லாதவர்களை 13 வாரம் கட்டாய வேலைக்கு அனுப்பும் சோதனைத் திட்டம் நடந்தது. 1998இல் டோனி பிளேர் அரசு கொண்டுவந்த ‘புதிய ஒப்பந்தம்’ 18 முதல் 24 வயது வரையிலானவர்களுக்கு நான்கு வழிகளைத் திறந்தது: மானியத்துடன் கூடிய வேலை, முழுநேரப் படிப்பு, தொண்டு நிறுவனப் பணி, சுற்றுச்சூழல் பணி. ஐந்தாவதாக, வீட்டில் இருந்தபடி உதவித்தொகை வாங்கும் வழி கிடையாது என்று அரசு தெளிவாகச் சொன்னது.

2009இல் பொருளாதார நெருக்கடியின்போது தொழிற்கட்சி அரசு ‘எதிர்கால வேலை நிதி’யைத் தொடங்கியது. இதில் இளைஞர்களுக்கு ஆறு மாதம் வேலை கிடைத்தது, அதற்குக் குறைந்தபட்சக் கூலியும் கிடைத்தது. 2010இல் பதவிக்கு வந்த கன்சர்வேட்டிவ், லிபரல் டெமாக்ரட் கூட்டணி அரசு செலவைக் காரணம் காட்டி இத்திட்டத்துக்கு முடிவு கட்டியது.

2011ஆம் ஆண்டின் திட்டங்கள்

கூட்டணி அரசில் பணி, ஓய்வூதியத் துறையின் அமைச்சராக இயன் டங்கன் ஸ்மித் இருந்தார். வேலைவாய்ப்புப் பொறுப்பை கிறிஸ் கிரேலிங் கவனித்தார். 2011இல் மட்டும் பல திட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. ‘வேலை அனுபவம்’ 18 முதல் 24 வயது வரையிலானவர்களுக்கு. 2 முதல் 8 வாரம். சேர்வது அவரவர் விருப்பம், ஆனால் முதல் வாரம் கடந்தபின் விலகினால் உதவித்தொகை வெட்டப்படலாம். ‘துறைசார் வேலைப் பயிலகம்’ சிறு பயிற்சி, அதன்பின் கடையிலோ நிறுவனத்திலோ வேலை, இறுதியில் உறுதியான நேர்காணல் என அமைந்தது. ‘கட்டாய வேலைச் செயல்பாடு’ நான்கு வாரம், வாரத்துக்கு 30 மணி நேரம் வரை. ‘சமுதாயச் செயல்திட்டம்’ ஆறு மாதம் நீடித்தது.

அப்போது 25 வயதுக்கு உட்பட்டவருக்கு உதவித்தொகை வாரத்துக்கு 53.45 பவுண்ட். வாரம் 30 மணி நேரம் வேலை செய்தவர் கணக்குப் போட்டால் மணிக்கு 1.78 பவுண்ட் தேறும். 2011 அக்டோபரில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி, 21 வயது நிரம்பியவருக்கு மணிக்கு 6.08 பவுண்ட். எதிர்ப்பாளர்கள் இந்த இடைவெளியைத்தான் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார்கள். கூலியில்லாமல் ஆள் கிடைத்தால் கூலிக்கு ஆள் எடுக்க மாட்டார்கள் என்பது அவர்களது அடுத்த வாதம். இளைஞர் வேலையின்மை 2011 இறுதியில் 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அனுபவம் இல்லாததால் வேலையில்லை, வேலை இல்லாததால் அனுபவமில்லை என்ற சுழலை உடைக்கிறோம் என்று அரசு பதில் சொன்னது.

2012 சர்ச்சை

2012 பிப்ரவரியில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தளத்தில் ஒரு விளம்பரம் வந்தது. கிழக்கு ஆங்கிலியாவில் உள்ள டெஸ்கோ கடைக்கு இரவு ஷிப்டில் ஆள் தேவை; வேலை நிரந்தரம்; சம்பளம் என்ற இடத்தில் ‘உதவித்தொகையும் செலவுகளும்’ என்றிருந்தது. விளம்பரம் தவறுதலாக வெளியானது என்று டெஸ்கோ விளக்கினாலும் சூடு தணியவில்லை. நாடாளுமன்றத்துக்கு அருகிலுள்ள டெஸ்கோ கடையில் போராட்டக்காரர்கள் நுழைந்ததால் கடை சிறிது நேரம் மூடப்பட்டது. சம்பளமில்லா வேலையைப் புறக்கணிக்கச் சொன்ன ‘பாய்காட் ஒர்க்ஃபேர்’ இயக்கம் நிறுவனங்களின் பெயர்களைத் தொகுத்து வெளியிட்டது.

சில நாட்களுக்குள் வாட்டர்ஸ்டோன்ஸ், டிகே மேக்ஸ், பர்கர் கிங் உள்ளிட்டவை விலகுவதாகவோ மறுபரிசீலனை செய்வதாகவோ அறிவித்தன. தன்னிடம் வருபவர்களுக்குக் கூலியுடன் கூடிய வாய்ப்பைத் தருவதாக டெஸ்கோ சொன்னது. விமர்சித்தவர்கள் கடை வேலையை இளப்பமாகப் பார்ப்பவர்கள் என்று டங்கன் ஸ்மித் சாடினார். ஆனால் பிப்ரவரி 29 அன்று நிறுவனங்களின் பிரதிநிதிகளைச் சந்தித்த பிறகு அரசு இறங்கி வந்தது: ‘வேலை அனுபவம்’ திட்டத்திலிருந்து பாதியில் விலகுவோரின் உதவித்தொகையை வெட்டுவதில்லை, கடும் ஒழுங்கீனம் மட்டுமே விதிவிலக்கு. கட்டாயத் திட்டங்களை அது கைவிடவில்லை. 2012 அக்டோபரில் தண்டனைகள் மேலும் கடுமையாயின. கடுமையான மீறல் மூன்றாவது முறை நடந்தால் உதவித்தொகை மூன்று ஆண்டு வரை நிற்கலாம் என்றானது. இந்த மூன்றாண்டு வரம்பு 2019இல்தான் ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டது.

ரெய்லி வழக்கு

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பட்டம் பெற்ற கெய்ட் ரெய்லி, அருங்காட்சியகப் பணிக்குச் செல்லும் எண்ணத்தில் உள்ளூர் அருங்காட்சியகம் ஒன்றில் தாமாகவே தொண்டாற்றி வந்தார். 2011 நவம்பரில் அதை விட்டுவிட்டு ஒரு பவுண்ட்லேண்ட் கடைக்குப் போக நேர்ந்தது. அங்கே தட்டுகளில் சரக்கு அடுக்கினார், தரை பெருக்கினார். அவர் அனுப்பப்பட்ட துறைசார் வேலைப் பயிலகத் திட்டம் விருப்பத்தின் பேரிலானது. அவரிடமோ போகாவிட்டால் உதவித்தொகை போய்விடும் என்று சொல்லப்பட்டிருந்தது. அவரும், சமுதாயச் செயல்திட்டத்தில் சேர மறுத்து உதவித்தொகையை இழந்த ஓட்டுநர் ஒருவரும் சேர்ந்து வழக்குத் தொடுத்தனர்.

2012 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் இது கட்டாய உழைப்பு அல்ல என்றது. 2013 பிப்ரவரி 12 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், திட்டங்களுக்கு அடிப்படையான 2011ஆம் ஆண்டு விதிகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. திட்டங்கள் என்னென்ன என்பதை நாடாளுமன்றம் கேட்டபடி விதிகளில் விவரிக்கவில்லை என்பது காரணம். பிடித்த தொகையைத் திருப்பித் தர வேண்டி வந்தால் சுமார் 13 கோடி பவுண்ட் செலவாகும் என்று அரசு கணக்கிட்டது. மார்ச் மாதத்திலேயே முன்தேதியிட்ட சட்டம் ஒன்றை அவசரமாக நிறைவேற்றி அந்தச் சுமையைத் தவிர்த்தது. தொழிற்கட்சித் தலைமை வாக்களிக்காமல் ஒதுங்கியது. அக்கட்சியின் உறுப்பினர்கள் சுமார் 40 பேர் தலைமையை மீறி எதிர்த்து வாக்களித்தனர்.

அக்டோபர் 30 அன்று உச்ச நீதிமன்றம் விதிகள் செல்லாது என்பதை உறுதிசெய்தது. ஆனால் உதவித்தொகைக்கு நிபந்தனை விதிப்பது ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தம் தடைசெய்யும் கட்டாய உழைப்பு ஆகாது என்றும் சொன்னது. நிபந்தனை விதிக்கலாம், ஆனால் என்ன வேலை, மறுத்தால் என்ன ஆகும் என்பதை உரியவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் தொகையை நிறுத்தக் கூடாது என்பதே இவ்வழக்கின் சாரம். முன்தேதியிட்ட சட்டம், ஏற்கெனவே மேல்முறையீடு செய்திருந்தவர்களின் நியாயமான விசாரணை உரிமைக்கு முரணானது என்று 2014இல் உயர் நீதிமன்றமும் 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அறிவித்தன.

பலன் குறித்த மதிப்பீடுகள்

2008இலேயே பணி, ஓய்வூதியத் துறைக்காக நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் இத்தகைய திட்டங்கள் வேலை கிடைக்கும் வாய்ப்பைக் கூட்டியதற்குச் சான்று சொற்பம் என்று கூறியிருந்தது. 2012 ஜூனில் வெளியான துறையின் சொந்த மதிப்பீட்டின்படி, கட்டாய வேலைச் செயல்பாட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் உதவித்தொகை பெற்ற காலம் சராசரியாக நான்கு நாள் குறைந்தது. வேலையில் சேர்ந்தோர் எண்ணிக்கையில் மாற்றம் தெரியவில்லை. அப்படியிருந்தும் திட்டம் விரிவாக்கப்பட்டது. விருப்பத்தின் பேரிலான ‘வேலை அனுபவம்’ குறித்த தொடக்கக் கணக்குகள் இதைவிடச் சாதகமாக இருந்தன. அதே ஆண்டு நவம்பரில், கைவிடப்பட்ட எதிர்கால வேலை நிதியால் பங்கேற்ற ஒவ்வொருவர் வழியாகவும் சமூகத்துக்குக் கிடைத்த நிகர நன்மை சுமார் 7,750 பவுண்ட் என்று அத்துறையே மதிப்பிட்டது.

முடிவும் பின்விளைவும்

2014இல் நெடுநாள் வேலையில்லாதவர்களை ஆறு மாதம் வரை, வாரத்துக்கு 30 மணி நேரம் வேலைக்கு அனுப்பும் ‘சமுதாய வேலை அமர்வு’ தொடங்கியது. தொண்டு என்பது தானாக முன்வந்து செய்வது என்று கூறி, பல தொண்டு நிறுவனங்கள் இதில் பங்கேற்க மறுத்தன. 2015 நவம்பரில் இதையும் கட்டாய வேலைச் செயல்பாட்டையும் நீட்டிப்பதில்லை என்று அரசு அறிவித்தது. 2016இல் இரண்டும் முடிந்தன. பெயர் தெரிந்தால் எதிர்ப்பு வரும் என்று கூறி, பங்கேற்ற நிறுவனங்களின் பட்டியலை வெளியிட அரசு நான்கு ஆண்டுகளாக மறுத்து வந்தது. 2016 ஜூலையில் நீதிமன்றத்தில் தோற்றபின் 500க்கும் மேற்பட்ட பெயர்கள் வெளிவந்தன.

துறைசார் வேலைப் பயிலகம் இதன்பின்னும் தொடர்ந்தது. 2020 ஜூலையில் பெருந்தொற்றின்போது அறிவிக்கப்பட்ட ‘கிக்ஸ்டார்ட்’ திட்டம் சம்பளமில்லா முறையைப் பின்பற்றவில்லை. உதவி பெற்றுவந்த 16 முதல் 24 வயது வரையிலானவர்களுக்கு ஆறு மாதம், வாரத்துக்கு 25 மணி நேர வேலைக்கான குறைந்தபட்சக் கூலியை அரசே ஏற்றுக்கொண்டது.