மரவள்ளியும் இஞ்சியும்

மரவள்ளிக்கிழங்கு உண்ட அன்று இஞ்சி கூடாது என்பது யாழ்ப்பாணத்துச் சமையற்கட்டுகளின் எழுதாச் சட்டம். இஞ்சித் தேநீருக்கும் அன்று தடைதான். பழி இஞ்சியின்மேல் விழுந்த கதை எதுவாயினும், நஞ்சின் மூலம் கிழங்கிலேயே இருக்கிறது.

தென்னமெரிக்கப் பயிரான மரவள்ளியை 1786 இல் ஒல்லாந்த ஆளுநர் வன் டி கிராவ் மொறீசியசிலிருந்து இலங்கைக்குத் தருவித்தார் என்பர். அச்சுவேலி போன்ற வலிகாமத்து ஊர்களில் அது வளவுக்கோடிப் பயிராயிற்று. அரிசியும் மாவும் அரிதான போதெல்லாம் அதன் மதிப்பு உயர்ந்தது. 1970–77 இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலும், 1990 க்குப் பின்னர் குடாநாட்டின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்போதும் பல அடுப்புகளில் வெந்தது இக்கிழங்கே.

மரவள்ளியில் லினமரின் என்ற சேர்மம் உண்டு. இது வெல்லத்தோடு சயனைட்டு பிணைந்த பொருள். அதே கிழங்கின் கலச்சுவரில் லினமரேசு என்னும் நொதியம் காத்திருக்கிறது. கிழங்கு வெட்டுப்பட்டதும் இரண்டும் சந்திக்கின்றன. நொதியம் நீரைக்கொண்டு பிணைப்பை அறுக்க, குளுக்கோசு ஒருபுறமும், இறுதியில் ஐதரசன் சயனைட்டு மறுபுறமும் பிரிகின்றன. நஞ்சை வெளிவிடுவதும் இந்த நொதியமே, நஞ்சை நீக்கும் வழியும் இதுவே. வெளிவந்த சயனைட்டு 26 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகும். யாழ்ப்பாண வெயிலுக்கு அதுவே போதும்.

நொதியத்திற்கு அவகாசம் கொடாவிட்டால் நேர்வதை மொசாம்பிக் நாடு கண்டது. 1981 இல் வரட்சியால் நம்புலா மாகாணத்தார் கசப்பு மரவள்ளியையே நம்பி வாழ்ந்தனர். பசியின் அவசரத்தில் அதைச் சரிவரப் பதப்படுத்தவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் சிறுவரும், கால்கள் விறைத்து முடமாயினர். அங்கு அப்போது மருத்துவராயிருந்த சுவீடன் நாட்டவர் ஹான்ஸ் ரோஸ்லிங் இந்நோயை ஆராய்ந்தவர்களுள் ஒருவர். மீன் போன்ற புரத உணவு கிடைத்திருந்தால் உடல் சயனைட்டை ஓரளவேனும் செயலிழக்கச் செய்திருக்கும். அவர்களிடம் அதுவும் இல்லை.

பின்னர் ஆஸ்திரேலிய அறிஞர் ஹாவர்ட் பிராட்பரி எளிய வழியொன்று சொன்னார்: மரவள்ளி மாவை நீரில் பிசைந்து, மெல்லிதாகப் பரப்பி, நிழலில் ஐந்து மணிநேரம் விடுங்கள். மாவில் எஞ்சிய நொதியமே மீதி வேலையைச் செய்துவிடும்.

நம் வீடுகளில் கிழங்கைக் கிண்டிய அன்றே சிறு துண்டுகளாக வெட்டி, நிறைந்த நீரில் பானையை மூடாது அவித்து, அந்நீரை வடித்துக் கொட்டுவார்கள். இதில் ஒன்றை மட்டும் சேர்த்துக் கொள்ளலாம். கொதிநீரில் நேரே போட்டால் நொதியம் சில நிமிடங்களில் செத்துவிடும், லினமரினின் ஒரு பகுதி அப்படியே தங்கும். பச்சைத் தண்ணீரில் இட்டு மெல்லச் சூடேற்றுவதே மேல்.