அயல் மைதானம் நோக்கிய இருப்புப்பாதை

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதையில் அமைந்த அரக்கோணம், பின்னர் பெங்களூருக்கும் மும்பைக்கும் செல்லும் தடங்கள் பிரியும் சந்திப்பாக வளர்ந்தமையால், தம் கிரிக்கெட் அணியைப் பின்தொடர்ந்து எதிரணியின் மைதானத்துக்குச் செல்லும் பயண ரசிகர்களுக்கும் வழியமைத்துத் தந்தது. 1934இல் சேப்பாக்கத்தில் மைசூர் அணியைச் சென்னை மாகாண அணி ஒரே நாளில் வீழ்த்திய முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டம் முதலே இவ்வண்டை மாநிலங்களின் கிரிக்கெட் போட்டியுணர்வு நீடிக்கிறது.

2018 ஏப்ரலில், காவிரி நீர்ப் பங்கீடு தொடர்பான போராட்டங்களால் சென்னை சூப்பர் கிங்ஸின் சொந்த மைதான ஆட்டங்கள் புணேவுக்கு மாற்றப்பட்டபோது, ஏறக்குறைய 1,000 ரசிகர்கள் ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’ என்னும் சிறப்பு ரயிலில் சென்று, அங்குள்ள அரங்கை மஞ்சள் நிறத்தால் நிரப்பினர். ஓர் அணியின் சொந்த மண்ணை நிலத்தைவிட மக்களின் பற்றே தீர்மானிக்கிறது என்பதை அப்பயணம் நிறுவியது.