ஓய்வு என்னும் மருந்து

மல்ரிப்பிள் ஸ்கிளிறோசிஸ் என வைத்தியர் வழங்குவதும், தமிழ்நாட்டில் தண்டுவட மரப்பு நோய் எனப் பெயர் பெற்றிருப்பதுமான நரம்பு நோயின் வரலாறு, ஓர் அரச குடும்பத்தவனையும் ஒரு வேலைக்காரியையும் கொண்டு தொடங்குகிறது. அரச குடும்பத்தவன், இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ஜோர்ஜின் பேரன் ஒகஸ்ரஸ் டெஸ்தே. 1822 இல் அவன் பார்வை திடீரென மங்கிற்று; பின்னர் தெளிந்தது; சில ஆண்டுகளில் கால்கள் தளர்ந்தன. 1848 இல் இறந்த அவன், பல ஆண்டுகள் தன் நோயின் போக்கைக் குறிப்பேட்டில் எழுதி வந்தான். மாட்டிறைச்சி, மது, நீராட்டு, தேய்ப்புத் தைலம் என்று வைத்தியர் மாறி மாறி விதித்தவற்றையெல்லாம் வாங்கும் வசதி அவனுக்கு இருந்தது.

வேலைக்காரியிடம் குறிப்பேடு இல்லை. கைந்நடுக்கத்தால் எவரும் வேலை கொடாதிருந்த அப்பெண்ணைப் பாரிஸ் நகரத்து வைத்தியர் ஷார்க்கோ இளமையில் தம் வீட்டில் அமர்த்திக்கொண்டார். அவள் உடைத்த தட்டுகளும் கோப்பைகளும் அவருக்குப் பெருஞ்செலவு வைத்தன என்று, அவரிடம் பயின்ற பிராய்ட் 1893 இல் எழுதிய அஞ்சலியில் கூறுகிறார். அவள் இறந்தபின் உடலை ஆராய்ந்தே, அந்நடுக்கத்துக்கும் மூளையிலும் முண்ணாணிலும் காணப்பட்ட தழும்புகளுக்கும் உள்ள தொடர்பை ஷார்க்கோ நிறுவினாராம். 1868 இல் அவர் இதனைத் தனியொரு நோயாக வரையறுத்தார். நாம் இங்கு நினைவிற்கொள்ள வேண்டுவது வேறொன்று. ஓய்வெடுக்கும் உரிமை டெஸ்தேக்கு இருந்தது. தட்டுக் கழுவியவளுக்கு இல்லை.

மின்கம்பியை மூடிய உறைபோல நரம்பிழையை மூடி ஓர் உறை உளது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே அவ்வுறையைத் தாக்கி அரிக்க, மூளையின் கட்டளை தசைக்குத் தாமதமாய்ச் செல்கிறது, அல்லது செல்லாமலே நிற்கிறது. கால் இழுபடும், கண் மங்கும், விளக்கவொண்ணாத களைப்பு வந்து கவியும். இத்தகையோரிடம் “உடலை வருத்தாதே, ஓய்ந்திரு” என்று கூறுவது இயல்பாகவே தோன்றும். அவ்வியல்பான எண்ணத்துக்கு விஞ்ஞானத்தின் முத்திரையும் கிடைத்தது. 1890 இல் ஜேர்மன் கண் வைத்தியர் வில்ஹெல்ம் ஊத்தொவ், இந்நோயாளர் சிலருக்கு உடலுழைப்பின்பின் பார்வை சிறிது நேரம் மங்குவதைக் கண்டு எழுதினார். மங்கவைத்தது உழைப்பன்று, உழைப்பால் ஏறிய உடற்சூடு என்பது பின்னரே தெளிவாயிற்று. நோயாளரை வெந்நீர்த் தொட்டியில் இருத்தி, அறிகுறிகள் கூடுகின்றனவா என்று பார்த்து நோயைத் துணியும் முறைகூடப் பல காலம் கையாளப்பட்டது. உடல் ஆறியதும் பார்வை மீள்கிறது என்பதும் அறியப்பட்டதே. ஆயினும், உழைப்பு தீங்கு என்ற அச்சம் மட்டும் ஒரு நூற்றாண்டு நின்று நிலைத்தது.

அந்நூற்றாண்டின் பிழை யாது? பலவீனம் இருவகைப்படும் என்பதை அது கருதவில்லை. ஒன்று, நரம்பு அரிபடுவதால் வருவது. மற்றொன்று, பயன்படுத்தாத தசை மெலிவதால் வருவது. முன்னதைப் பயிற்சி குணமாக்குவதில்லை. பின்னதோ ஓய்வினாலேயே உண்டாவது. படுக்கையில் இருத்தப்பட்டவன் மெலிந்தான். மெலிவைக் கண்டு நோய் முற்றியது என்றார்கள். முற்றியது என்பதால் மேலும் ஓய்வு விதித்தார்கள்.

இவ்வட்டத்தை வேறொரு துறையில் உடைத்தவர் தோமஸ் டெலோம் என்னும் அமெரிக்க இராணுவ வைத்தியர். இளமையில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பின்னர்ப் பாரந்தூக்கி உடலைத் தேற்றிக்கொண்டவர் அவர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்று முழங்கால் மெலிந்த வீரர்களால் சிக்காகோவின் இராணுவ வைத்தியசாலை நிரம்பியிருந்தது. அவர்களுக்கு மென்மையான பயிற்சிகளை விடுத்து, தசை தாங்கக்கூடிய கனத்த சுமையைக் கொடுத்து, அதனைப் படிப்படியாக ஏற்றினார். 1945 இல் அதன் பயனை வெளியிட்டார். 1948 இல் அம்முறை மூன்று சுற்றுகளாகச் சுருங்கியது. பத்துத் தடவை மட்டுமே தூக்கக்கூடிய சுமை எதுவோ, அதன் பாதி, முக்கால், முழுமை என ஒவ்வொன்றையும் பப்பத்துத் தடவை தூக்குதல். அதே ஆண்டில் இளம்பிள்ளைவாதத்தால் தொடை மெலிந்தோரிடமும் அதனைச் சோதித்தனர்.

அரசுக்கு வீரன் மீண்டும் தேவை, கட்டிலும் தேவை; ஆகவே அவன் தசைக்கு ஒரு விஞ்ஞானம் பிறந்தது. போலியோவால் முடங்கிய பிள்ளைக்கு நீண்ட வாழ்நாள் எஞ்சியிருந்தது. அதுவும் சமூகத்தின் கணக்கில் ஏறியது. மல்ரிப்பிள் ஸ்கிளிறோசிஸ் உடையோர் இக்கணக்கில் எங்கே நின்றனர்? அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள்; இருபதிலும் முப்பதிலும் நோய் தொடங்கி, ஆண்டாண்டாகத் தளர்பவர்கள். போட்ட முதலுக்கு இலாபம் காட்டாதவர் என்று அவர்களை ஒதுக்கியமையே தாமதத்துக்குப் பெருங்காரணம் என்பது என் துணிபு. அச்சம் மட்டும் காரணமாயின் அதனைச் சோதித்துப் பார்க்க ஐம்பது ஆண்டு வேண்டியதில்லை.

1996 இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பெற்றஜான் குழுவினர் 54 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூற்றினரைக் கிழமைக்கு மூன்று தடவை, 15 கிழமை, கையாலும் காலாலும் மிதிகருவியில் உழைக்கச் செய்தனர். உடல் வலுத்தது, உளச்சோர்வு தணிந்தது. 2004 இல் எட்டுப் பேரைக் கொண்ட ஒரு சிற்றாய்வு, பாரப் பயிற்சியால் கால்வலுவும் நடையும் மேம்படுவதைக் காட்டியது. 2009 இல் டென்மார்க்கின் டல்காஸ் குழு, 38 பேரை ஆராய்ந்தது. பதினைந்து தடவைக்குமேல் தூக்கமுடியாத சுமையில் தொடங்கி எட்டுத் தடவைக்குமேல் தூக்கமுடியாத சுமைவரை, கிழமைக்கு இருமுறை, 12 கிழமைகள் காலுக்குப் பயிற்சி. நாற்காலியிலிருந்து எழுவதும் படியேறுவதும் இலகுவாயின. பின்னர் அவர்கள் தாமாகவே பயிற்சியைத் தொடர்ந்தபோது அப்பயன் நிலைத்தது. பயிற்சியால் நோய் மீளத் தாக்குவது கூடுவதில்லை என்பதும் தெளிவாயிற்று.

தமிழ் நிலத்தில் இக்கதைக்கு அண்மையானது வேலூரில் நிகழ்ந்தது. 1954 இல் வாகன விபத்தில் இடுப்பின்கீழ் உணர்விழந்த வைத்தியர் மேரி வர்க்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பேர்த்திலும் நியூயார்க்கிலும் புனர்வாழ்வு முறைகளைக் கற்றுத் திரும்பினார். 1966 இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இயங்காத காலின் வேலையைத் தோளுக்கும் கைக்கும் பழக்குவதே அங்குப் பாடம். ஈழத்திலோ, போரே இத்துறையின் ஆசானாயிற்று. யாழ்ப்பாணத்தில் 1987 இல் செயற்கைக் கால் செய்யும் ஜெய்ப்பூர் நிலையம் தோன்றியது. அது செய்த பணி அளப்பரிது. ஆயினும், கண்ணிவெடியிற் போன கால் எல்லார்க்கும் தெரியும்; நரம்புறை அரிந்து இழுபடும் கால் எவர் கண்ணிற் படும்?

விடத்தல்தீவை எடுத்துக்கொள்வோம். பெயரில் தீவாயினும் மன்னார்ப் பெருநிலக் கரையிலுள்ள ஊர். கண்டற்காடும் சேற்றுக் கடலும் சூழ்ந்தது. 1990 ஒக்ரோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இவ்வூரவரும் அகன்றனர். 2008 யூலையில் இராணுவம் ஊரைக் கைப்பற்றுமுன் எஞ்சியோரும் இடம்பெயர்ந்தனர். மீண்டவர்களின் மூலதனம் பெரும்பாலும் தோளும் தொடையுமே. வள்ளத்தைச் சேற்றில் தள்ளுவதற்கும் ஈர வலையை இழுப்பதற்கும் மீன் கூடையைத் தூக்குவதற்கும் வேறு முதல் இல்லை. ஒன்பதாம் அகலக்கோட்டுக்கு அணித்தான இந்நிலத்தில் இந்நோய் அரிது. குளிர் நாடுகளிலேயே மிகுதி. எனினும் அரிய நோய் என்பதாலேயே, அது வந்தவர் பேர் தெரியாத வருத்தக்காரராய்த் திண்ணையில் இருத்தப்படுகிறார். பக்கவாதத்தால் மெலிந்தவருக்கும் பெரும்பாலும் அத்திண்ணையே கதி.

வெயில் இங்கே பெரும் பகை. நல்வாய்ப்பாக, நெடுநேர ஓட்டத்தைவிடப் பாரப் பயிற்சி உடலைக் குறைவாகவே சூடாக்கும். விடியற்காலை நிழலில், ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே இரண்டு மூன்று நிமிடம் ஆறி, கழுத்தில் ஈரத்துணி இட்டுச் செய்யலாம். கருவி? துணிப்பையில் மணல், கைபிடித்து எழ ஒரு கதிரை, ஏறியிறங்க ஒரு படி. முதல் நாள் எத்தனை கிலோ, அடுத்த மாதம் எத்தனை கிலோ என்று குறித்துவைக்க ஒரு கொப்பி. நிறுக்கும் தராசு மீன் வாடியில் உண்டு. நோய் புதிதாய்த் தாக்கியிருக்கும் நாள்களில் நிறுத்த வேண்டும். எந்தத் தசைக்கு எவ்வளவு என்பதை முதலிற் சொல்லித்தர இயன்மருத்துவர் வேண்டும்.

இயன்மருத்துவர் மன்னார்ப் பட்டினத்தில், நோயாளர் விடத்தல்தீவில். மணலை விற்று எவரும் பணம் பண்ணவியலாது. ஆதலால் இம்மருந்துக்கு விளம்பரக்காரனும் வரமாட்டான். இந்தியா 2016 இல் இயற்றிய மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் இந்நோயைப் பெயர் குறித்தே பட்டியலில் ஏற்றியது. இலங்கையில் 1996 இன் 28 ஆம் இலக்கச் சட்டம் உளது; அது நடைமுறையில் என்ன தருகிறது என்பதை அவ்வூர்ப் பஸ் தரிப்பிடத்தில் நின்று கேட்கவேண்டும். மாதத்தில் ஒரு நாள் ஓர் இயன்மருத்துவர் அவ்வூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வருவதும், அவர் காட்டியதை மேல்வகுப்பு மாணவர் நால்வர் கற்றுக்கொண்டு கிழமைக்கு இருமுறை வீடுகளுக்குச் சென்று உடனிருப்பதும் இயலாத காரியங்களல்ல.